மெஸ்ல புலி... ஜி.டி-ல எலி!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. எஞ்சினீயரிங் பையன் கட்டுரை எழுதினா கணக்கு இல்லாமலா?

கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன், சுருக்கமா ஜி.டி. பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து 15 நிமிடம் கொடுக்கிறார்கள். நியாயமாகப் பங்கு போட்டால் தலைக்கு 90 விநாடி. ஆனால் எந்த ஜி.டி-யிலும் ரெண்டு பேர் இருப்பார்கள். டாபிக்கைச் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கு 5 நிமிடம் அவங்க கணக்கில் போய்விடும். மிச்சம் 5 நிமிடம், 8 பேர். வகுத்துப் பாருங்க... தலைக்கு 37 விநாடி சொச்சம். அதிலும் 'ஐ அக்ரீ வித் மை ஃப்ரெண்ட்'னு ஆரம்பிக்கிறதுக்கே மூணு விநாடி காலி!

இந்த 37 விநாடியை வைத்துத்தான் ஒரு ஆள் டீமில் எப்படிப் பழகுவார், எப்படிப் பேசுவார், லீடர் ஆவாரா மாட்டாரா என்று முடிவு கட்டுகிறார்கள். எல்லா கம்பெனியும் ஜி.டி. வைப்பதில்லை. ஆன்லைன் டெஸ்ட், கோடிங் முடித்து நேராக இன்டர்வியூவுக்குப் போகிற கம்பெனிகளும் உண்டு. ஆனால் வைக்கிற இடங்களில், கோடிங்கில் பின்னி எடுக்கிற பல பேர் அந்த வட்டத்தைத் தாண்டாமலே பஸ் ஏறுகிறார்கள்.

எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் இருக்கிறான். பெயர் வேண்டாம், அடிப்பான். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று வார்டனிடம் போய் நிற்க ஆள் வேண்டுமா? அவன்தான். லேப்பில் யாருக்கு புரோகிராம் ஓடவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். டி.வி. ரூமில் அவன் கிரிக்கெட் கமென்ட்ரி ஆரம்பித்தால் ஒரிஜினல் கமென்ட்ரியை மியூட்டில் போட்டுவிடுவோம். அப்பேர்ப்பட்டவன் ஜி.டி-யில் 15 நிமிடமும் வாயே திறக்கவில்லை. வெளியே வந்து சொன்னது இதுதான்: "மச்சி, நான் இன்ட்ரோவர்ட்டு டா. நெட்ல டெஸ்ட் எடுத்தேன், ஐ.என்.எஃப்.பி-னு வந்துச்சு. இதெல்லாம் நமக்கு செட் ஆகாது."

அதோடு விட்டானா? அடுத்து ஜி.டி. வைக்கிற கம்பெனி ஒன்று வந்தபோது பெயரே கொடுக்கவில்லை. வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது. தங்கச்சி பிளஸ் டூ. இவனோ நாலு இங்கிலீஷ் எழுத்தைக் காரணம் காட்டி ரூமில் படுத்துக் கிடக்கிறான்.

அப்படி என்னதான் இருக்கு அந்த நாலு எழுத்தில் என்று தேட ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, கதை செம இன்ட்ரஸ்டிங்!

அம்மா, பொண்ணு, 16 டைப்பு

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். மனிதர்களின் உளவியல் வகைகள் பற்றி 1921-ல் தடிமனா ஒரு புத்தகம் போட்டார். இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ராவர்ட் என்ற வார்த்தைகள் ஊரெல்லாம் பரவியது அவரால்தான். அதைப் படித்து அசந்துபோனவர் அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மா. அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். ரெண்டு பேருமே முறைப்படி சைக்காலஜி படித்தவர்கள் இல்லை. மகள் துப்பறியும் நாவல் எழுதியவர்!

இரண்டாம் உலகப் போர் நேரம். நிறைய பெண்கள் முதல் முறையாக வேலைக்குப் போகிறார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க உதவட்டும் என்று இசபெல் ஒரு கேள்வித்தாள் தயார் செய்தார். அம்மா, பொண்ணு ரெண்டு பேர் பெயரையும் சேர்த்து அதுதான் மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட். எம்.பி.டி.ஐ. என்பார்கள். நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பக்கம். ரெண்டை நாலு முறை பெருக்கினால் 16 டைப். இன்ஸ்டா பயோவில் நாலு எழுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறோமே, அதோட பூர்வீகம் இதுதான்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். சிக்கல் எங்கே என்றால், இந்த டெஸ்ட் எல்லாரையும் நடுவில் கோடு போட்டு ரெண்டாகப் பிரிக்கிறது. நமக்குப் புரிகிற மாதிரி சொல்லணும்னா, பாஸ் மார்க் 50. 49 எடுத்தவன் அரியர், 51 எடுத்தவன் பாஸ். ரெண்டு பேருக்கும் ரெண்டே மார்க்தான் வித்தியாசம். ஆனா 51 எடுத்தவனும் 98 எடுத்தவனும் ஒரே 'பாஸ்'! கலகலப்பு என்கிற குணமும் நம்ம கிளாஸ் மார்க் மாதிரிதான். பெரும்பாலானவர்கள் நடுவில் கும்பலாக இருப்பார்கள், ரெண்டு ஓரத்திலும் கொஞ்சம் பேர். நடுவில் நிற்கிறவர் இன்னிக்கு இந்தப் பக்கம், அடுத்த மாசம் அந்தப் பக்கம். அதனால்தான் சில வாரம் கழித்து அதே டெஸ்ட்டை மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு ஒரு எழுத்தாவது மாறிவிடுகிறது.

ஆளை வேலைக்கு எடுக்க இதைப் பயன்படுத்தாதீங்க என்று அந்த டெஸ்ட்டை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். நெட்டில் ஃப்ரீயாகக் கிடைக்கிற பல டெஸ்ட் அந்த ஒரிஜினல்கூடக் கிடையாது. ஏன், முழுக்க இன்ட்ரோவர்ட், முழுக்க எக்ஸ்ட்ராவர்ட் என்று யாரும் இல்லை, இருந்தால் அவர் இருக்க வேண்டிய இடம் மனநல விடுதி என்கிற அர்த்தத்தில் யுங்கே பேசியிருக்கிறார்.

"ஆனா எனக்கு அப்படியே பொருந்துச்சே பாஸ்!" என்கிறீர்களா? பொருந்தும். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் தன் வகுப்பில் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் 'உன் குணம் இது' என்று தனித்தனியாக ரிசல்ட் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26! அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய பொதுவான வரிகள். சில நேரம் நீ கலகலப்பு, சில நேரம் ஒதுங்கி இருப்பாய் என்கிற ரேஞ்சில். இதைத்தானே பஸ் ஸ்டாண்டு கிளி ஜோசியரும் சொல்கிறார்? அவரிடம் கிளியாவது இருக்கிறது!

கம்பெனி ட்ரெயினிங்கில் அடிக்கடி அடிபடுகிற இன்னொரு டெஸ்ட் 'டிஸ்க்'. அதற்கு அடிப்படை போட்டவர் வில்லியம் மார்ஸ்டன், 1928-ல் வந்த புத்தகத்தில். இதே மார்ஸ்டன்தான் 1941-ல் வொண்டர் வுமன் காமிக்ஸ் கேரக்டரை உருவாக்கியவர். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கவும் ஆராய்ச்சி செய்தவர். வொண்டர் வுமன் கையில் இருக்கிற கயிற்றால் கட்டினால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் இல்லையா... கனெக்‌ஷன் புரியுதா?

ஒரு ஐடியா, ராத்திரி ஒன்பது மணி

அப்போ எல்லாமே டுபாக்கூரா? இல்லை. டப்பாதான் மோசம். டப்பாவுக்குள் இருக்கிற வித்தியாசம் நிஜம். ஆராய்ச்சியாளர்கள் இப்போது அதிகம் நம்புவது 'பிக் ஃபைவ்' என்கிற முறையை. அதில் டைப் கிடையாது, ஐந்து குணங்களுக்கு அளவுகோல்தான். கலகலப்பு, ஒத்துப்போகிற குணம், பொறுப்பு, புதுசை ஏற்கிற மனசு, சட்டென்று பதறுகிற தன்மை. ஒவ்வொன்றிலும் நாம் எங்கேயோ ஒரு புள்ளியில் இருப்போம்.

இது ஆபீஸில் எப்படி வெடிக்கும் என்று சொன்னவர் எங்கள் டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தர். ஓ.எம்.ஆர். ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருஷமா வேலை பார்க்கிறார்.

"எங்க டீம் லீடு பேசிப் பேசி யோசிக்கிற ஆளுப்பா. மீட்டிங்ல 'இப்படிப் பண்ணலாமா, இல்ல அப்படிப் பண்ணலாமா, ஸ்க்ரீனையே மாத்திட்டா என்ன'னு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாரு. அவருக்கு அது ரஃப் நோட்டு. நான் யோசிச்சு முடிச்சுட்டுத்தான் வாயத் திறப்பேன். அதனால அவர் சொல்றதும் யோசிச்சு முடிச்சதுன்னு நம்பிட்டேன். ஸ்க்ரீனை மாத்தி, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்து கோட் அடிச்சேன். மறுநாள் காலையில, 'அய்யய்யோ, நான் சும்மா சொன்னேம்மா'ங்கிறாரு. பாத்ரூம்ல போய் அழுதேன்."

இதில் யார் மேல் தப்பு? கோபப்பட எனக்கு ஒரு ஆளும் கிடைக்கவில்லை. அவருக்குப் பேச்சுதான் பேப்பர், பேனா எல்லாம். அக்காவுக்குப் பேச்சு என்பது கையெழுத்துப் போட்ட டாக்குமென்ட். இதே குழப்பம் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. ஒரு நாள் டெட்லைனை ரெண்டு நாள் முன்னால் இழுத்திருக்கிறார் லீடு. "யாருக்காவது பிரச்னையா?" என்று கேட்டுவிட்டு ஒரு விநாடி பார்த்தாராம். யாரும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அக்காவோ மனசுக்குள் நாள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு முடிந்து 'முடியாது' என்று தெரிந்தபோது மீட்டிங்கே முடிந்துவிட்டது!

அந்த ஒரு விநாடி பற்றிகூட ஆராய்ச்சி இருக்கிறது. 1970-களில் மேரி பட் ரோ என்கிற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பேச்சை டேப்பில் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட டீச்சர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாயின, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். ரெண்டே விநாடி பாஸ்!

ஒத்துப்போகிற குணம் அதிகமாக இருக்கிறவர்கள் கதை தனி. அவர்கள் அகராதியில் 'முடியாது' கிடையாது, 'பார்க்கலாம் சார்'தான். நம்ம ஊரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கல்யாண வீட்டில் கடன் கேட்டவருக்கும் தெரியும். அதையே இங்கிலீஷில் மாற்றி 'வீ வில் ட்ரை' என்று வெளிநாட்டு கிளையன்ட்டிடம் சொன்னால், அவர் 'சரி, முடிச்சுக் கொடுத்துடுவாங்க' என்று காலண்டரில் குறித்துக்கொள்கிறார். டெலிவரி தேதியன்று நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அக்காவின் டீம் இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. லீடு பேச ஆரம்பிக்கும்போதே 'இது யோசனை' அல்லது 'இது முடிவு' என்று சொல்லிவிட வேண்டும். மறந்தால் டீமில் யாராவது, "சார், யோசனையா முடிவா?" என்று கேட்பார்கள். முதலில் கடுப்பானாராம். இப்போது அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுகிறாராம்.

வாயாடிதான் ஜெயிப்பானா?

சேல்ஸ் வேலைக்கு வாய் வேண்டும் என்பது ஊரறிந்த ஃபார்முலா. ஆடம் கிரான்ட் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் அதைச் சோதித்துப் பார்த்தார். கால் சென்டரில் விற்பனை செய்கிற 340 பேர். 2013-ல் ரிசல்ட் வெளிவந்தது. அதிகம் விற்றவர்கள் பயங்கரக் கலகலப்பு பார்ட்டிகள் இல்லை. ஊமைக் கோட்டான்களும் இல்லை. நடுவில் இருக்கிறவர்கள்! காரணம் யோசித்தால் புரியும். வாயாடி கஸ்டமரைப் பேசவே விட மாட்டார். நடு ஆசாமி பேசவும் செய்வார், கேட்கவும் செய்வார்.

ஆனால் லீடரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் இப்படி யோசிப்பதில்லை. 2020-ல் வந்த ஓர் ஆய்வில், சின்னச் சின்னக் குழுக்களில் யாரை லீடர் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். யார் அதிக நேரம் பேசினாரோ அவர்தான். என்ன பேசினார் என்பது அடுத்த விஷயம். ஆய்வுக்கு அவங்களே வைத்த பெயர் 'பேபிள்', அதாவது பிதற்றல்! ஜி.டி-யில் டாபிக் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பிக்கிற அந்த ரெண்டு பேர் இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சரி, கும்பலாகப் பேசினால் ஐடியா கொட்டுமா? 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததைவிட, நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைக் கூட்டிப் பார்த்தால் ஐடியா அதிகம். ஏன் என்று 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற ரெண்டு பேர் தோண்டிப் பார்த்தபோது கிடைத்த முக்கியக் காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிற நேரத்தில் ஐடியா ஆவியாகிவிடுகிறது. ஜி.டி-யில் 'அடுத்து நான், அடுத்து நான்' என்று காத்திருந்து, வாய்ப்பு வந்ததும் மண்டை காலியான அனுபவம் இருக்கிறவர்கள் கை தூக்குங்க!

அமேசானில் 2004-ல் ஜெஃப் பெசோஸ் மேல்மட்டக் கூட்டங்களில் பவர் பாயின்ட்டுக்குத் தடை போட்டார். அதற்குப் பதிலாக வந்தது சில பக்க அறிக்கை. மீட்டிங் தொடங்கியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அதைப் படிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு. பேசித் தள்ளுகிறவருக்கும் யோசித்துப் பேசுகிறவருக்கும் ஒரே இடத்தில் ஸ்டார்ட்டிங் கோடு.

பால் டிராக் என்று ஒரு பிசிக்ஸ் மேதை. 1933-ல் நோபல் பரிசு வாங்கியவர். வாயே திறக்க மாட்டார். கேம்பிரிட்ஜில் உடன் வேலை பார்த்தவர்கள் அவர் பெயரில் விளையாட்டாக ஒரு யூனிட்டே கண்டுபிடித்தார்கள். ஒரு 'டிராக்' என்றால், மணிக்கு ஒரு வார்த்தை! நம்ம ஜி.டி-யில் அவரை உட்கார வைத்தால் கால் டிராக்கோடு வெளியே அனுப்பியிருப்போம்.

புலி எப்ப எலி ஆச்சு?

நம்ம ஹாஸ்டல் நண்பனுக்கு வருவோம். மெஸ்ஸில் புலியாக இருப்பவன் இன்ட்ரோவர்ட் என்றால் அந்த வார்த்தைக்கே அர்த்தமில்லை. வால்டர் மிஷல் என்கிற சைக்காலஜி ஆராய்ச்சியாளர் 1968-லேயே இதைக் கிளப்பிவிட்டார். ஒரு இடத்தில் ஒருத்தர் நடந்துகொள்வதை வைத்து இன்னொரு இடத்தில் எப்படி நடப்பார் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது, சூழ்நிலையையும் பாருங்க என்று. 2001-ல் வில்லியம் ஃப்ளீசன் கல்லூரி மாணவர்களையே வைத்துப் பார்த்தார். ஒரு நாளைக்குப் பல முறை அப்போது எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிக்கச் சொன்னார். ஒரே ஆள், ஒரே வாரத்தில், படு கலகலப்பாகவும் இருக்கிறார், படு அமைதியாகவும் இருக்கிறார். ஆனால் வாரக் கணக்கில் சராசரி எடுத்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. குணமும் உண்டு, அதற்குள் ஏற்ற இறக்கமும் உண்டு.

நண்பனோட விஷயத்தில் அந்தச் சூழ்நிலையின் பெயர் இங்கிலீஷ். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எதிரே உட்கார்ந்தவன் ஊட்டி கான்வென்ட் உச்சரிப்பில் எடுத்து விட்டதும் இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு ராத்திரி எங்க ரூமில் எட்டுப் பேர் சேர்ந்து அதே டாபிக்கைத் தமிழில் வைத்துப் பார்த்தோம். அவனை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது. அப்புறம் இங்கிலீஷ். மறுபடி மௌனம். "டேய், இது ஐ.என்.எஃப்.பி. இல்லடா, ஆக்டிவ் வாய்ஸ், பேஸிவ் வாய்ஸ்" என்றான் பக்கத்து ரூம்காரன். எல்லாரும் சிரித்தோம். அவனும்தான்.

ஆனால் இது சிரிக்கிற விஷயமில்லை. பயத்துக்கும் மொழிப் பிரச்னைக்கும் 'இன்ட்ரோவர்ட்' என்று பெயர் வைத்துவிட்டால், சரி செய்யக் கூடிய ஒன்றை பிறவிக் குணம் என்று கைகழுவிவிடுகிறோம். இங்கிலீஷுக்கு மருந்து இருக்கிறது. தினம் பத்து நிமிடம் வாய்விட்டுப் பேசினால் ரெண்டு செமஸ்டரில் நாக்கு பழகும். பிறவிக் குணம் என்று நம்பிவிட்டவனை யார் பேச வைப்பது?

நிஜமாகவே யோசித்துப் பேசுகிற ரகமா நீங்கள்? சீனியர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: முதல் ஆளாகப் பாய வேண்டாம், ஆனால் மூன்றாவது நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது போட்டுவிடுங்கள். நேரம் ஆக ஆக வாய் திறப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும். பாயின்ட் கிடைக்கவில்லையா, கேள்வி கேளுங்கள். ரெண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது 'இவர் சொல்றது செலவைப் பற்றி, அவர் சொல்றது நேரத்தைப் பற்றி' என்று பிரித்துக் காட்டினால் அதுவே பெரிய பாயின்ட். கேட்டுக்கொண்டிருந்தவனால்தான் அது முடியும்.

பேசித் தள்ளுகிற கோஷ்டிக்கும் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அரை வாய் திறந்து மூடுகிறவரைப் பார்த்து, "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே" என்று கேளுங்கள். 37 விநாடியில் மூன்று விநாடி செலவு. ஜி.டி. நடத்துகிறவர் அதையும் பார்க்கிறார்.

எங்கள் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் சாரிடம் நாலைந்து பேர் போய் நின்றோம். பிராக்டீஸ் ஜி.டி-யில் டாபிக் சொன்னதும் யாரும் பேசக் கூடாது, ஒரு நிமிடம் எல்லாரும் பேப்பரில் எழுத வேண்டும், அப்புறம் ஆளுக்கு ஒரு வரி, அதற்குப் பிறகுதான் ஓப்பன் டிஸ்கஷன். "கம்பெனிக்காரன் இப்படியெல்லாம் டைம் தருவானாப்பா?" என்றார். தர மாட்டான் சார், ஆனா பழகுறப்பவாவது எல்லார் குரலும் வெளியே வரட்டுமே என்றோம். கொஞ்சம் யோசித்தார். மூணு விநாடிக்கு மேலேயே! தேர்டு இயர் பசங்களுக்கு வர்ற சனிக்கிழமை ரெண்டு மணிக்கு செமினார் ஹாலில் வெச்சுப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்.

பேப்பரும் பேனாவும் அவங்கவங்க கொண்டு வரணுமாம்.